கற்பிட்டிக் களப்பில் ஒரு படகுப் பயணம்

நான் கற்பிட்டிக்குச் சென்றது ஓகஸ்ட் மாதத்தில். மேற்கே திறந்த கடல் சோளகக் காற்றில் கொந்தளித்துக்கொண்டிருந்தது. டொல்பின் பார்ப்பதற்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரையான காலமே உகந்தது. ஆனால் குடாநாட்டுக்குக் கிழக்கே உள்ள புத்தளம் களப்பு அந்த நாட்களிலும் படகுப் பயணத்துக்கு ஏற்றது. ஓர் இயந்திரப் படகில் வடக்கு நோக்கிப் புறப்பட்டேன்.

1667இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டை பின்னால் மறைந்தது. கண்டல் மரங்களும் மணல்திட்டுகளும் கடந்து உச்சமுனை வந்தது. அதற்கும் வடக்கே பத்தலங்குண்டு. அங்கே மீன்வாடிகளும் காயும் கருவாடும்தான் வாழ்க்கை.

படகோட்டி நானா மன்னார்த் தீவில் பிறந்தவர். “நாங்க வந்ததும் இந்தக் கடலாலதான்” என்றார், வடக்கைக் காட்டி.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவைச் சேர்ந்த பலர் படகுகளில் வந்து கற்பிட்டியில் இறங்கினார்கள். தற்காலிகமாகப் போடப்பட்ட முகாம்கள் பல, பின்னர் ஊர்களாகவே நிலைத்தன.

1995இல் யாழ்ப்பாணத்தைவிட்டு இரவோடிரவாக நடந்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் இடப்பெயர்வைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இவர்களுடையதைப் பற்றிப் பேசியது குறைவு.

“ஊருக்குப் போறனீங்களா நானா?” என்று கேட்டேன்.

“கலியாணத்துக்கும் மையத்துக்கும் போவம். புள்ளைகளுக்கு ஊர் இதுதான்.”

படகை மெதுவாகக் கற்பிட்டிப் பக்கம் திருப்பினார். கரை சேரும்வரை நான் வேறெதுவும் கேட்கவில்லை.