ஏர்கோனுக்குள் புற ஊதா விளக்கு: யாருக்குப் பயன், யாருக்கு வீண் செலவு?

மலாக்கா: அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ், மஸ்ஜித் தானா வட்டாரங்களில் தோட்ட லயங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்கள் பலவற்றில், படுக்கையறையில் ஓர் ஏர்கோனாவது இருக்கிறது. இரவில் கதவு, சன்னல்களை அடைத்து அதைப் போட்டுவிட்டுத் தூங்குவது பழக்கமாகிவிட்டது. வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளையோ, காலையில் எழுந்ததும் தும்மும் பெரியவரோ இருந்தால், "ஏர்கோன் காற்று சுத்தமாக இருக்கிறதா?" என்ற கவலை எழுவது இயல்பு.

அந்தக் கவலைக்கு மருந்தாக விற்கப்படும் பொருள்களில் ஒன்றுதான் புற ஊதா விளக்கு. ஏர்கோனுக்குள் பொருத்தினால் கிருமி, பூஞ்சை, நாற்றம் எல்லாம் போய்விடும் என்பது விளம்பரம். அதில் எவ்வளவு உண்மை என்பதைத் தெரிந்துகொண்டு காசை எடுப்பது நல்லது.

விளக்கு எப்படி வேலை செய்கிறது?

சூரிய ஒளியிலேயே புற ஊதாக் கதிர் இருக்கிறது. அதில் ஏ, பி, சி என மூன்று வகை உண்டு. கிருமியைக் கொல்வதில் வலுவானது 200 முதல் 280 நானோமீட்டர் வரையிலான சி வகை. சூரியனிலிருந்து வரும் சி வகைக் கதிரை வளிமண்டலம் தடுத்துவிடுவதால் அது நம்மீது படுவதில்லை. பாதரச விளக்கு மூலம் அதைச் செயற்கையாக உண்டாக்குகிறார்கள். அந்த விளக்கின் கதிர் 254 நானோமீட்டர் அளவில் வெளிவந்து, பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை ஆகியவற்றின் மரபணுவைச் சிதைக்கிறது. அதன்பின் அவற்றால் பெருக முடியாது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. சூரிய ஒளி பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதை இங்கிலாந்தின் டவுன்ஸ், பிளன்ட் ஆகிய இருவரும் 1877இல் காட்டினர். ஒளியைக் கொண்டு தோல் காசநோய்க்குச் சிகிச்சை அளித்த டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றார். காசநோய் பரவக்கூடிய இடங்களில், அறையின் மேற்பகுதியில் பொருத்தும் புற ஊதா விளக்குகளை உலகச் சுகாதார நிறுவனமும் 2019ஆம் ஆண்டு வழிகாட்டியில் நிபந்தனையுடன் பரிந்துரைத்துள்ளது.

மொன்றியல் ஆய்வு சொல்வது என்ன?

ஏர்கோனைப் பொறுத்தவரை அடிக்கடி சுட்டப்படும் ஆய்வு கனடாவின் மொன்றியல் நகரில் நடந்தது. மூன்று அலுவலகக் கட்டடங்களில், 771 ஊழியர்களைக் கொண்டு நடத்தப்பட்ட அதன் முடிவு 2003இல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. மத்தியக் குளிரூட்டி இயந்திரத்தின் சுருளிலும் தண்ணீர்த் தட்டிலும் படும்படி விளக்குகள் பொருத்தப்பட்டன. 12 வாரம் அணைத்து, 4 வாரம் எரியவிட்டு, இதையே மூன்று முறை செய்தார்கள். விளக்கு எப்போது எரிகிறது என்பது ஊழியர்களுக்குத் தெரியாது.

ஒளி பட்ட இடங்களில் கிருமிகள் 99 விழுக்காடு குறைந்தன. ஊழியர்கள் சொன்ன உடல் உபாதைகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தன. இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும். இயந்திரம் சுத்தமாவது வேறு, மனிதனின் உபாதை தீர்வது வேறு. விளம்பரத்தில் 99 என்ற எண் மட்டுமே பெரிதாகத் தெரியும்.

நம் வீட்டு ஏர்கோன் வேறு வகை

குளிர் நாடுகளில் வெப்பத்துக்கும் குளிருக்கும் சேர்த்து ஒரே இயந்திரம், வீடு முழுவதும் செல்லும் பெரிய காற்றுக் குழாய் என்று அமைப்பு இருக்கும். விளக்கை அந்தக் குழாய்க்குள் மறைத்து வைக்க இடம் உண்டு. மலாக்காவில் வீட்டைச் சூடாக்கும் தேவையே இல்லை. இங்கே இருப்பது சுவரில் மாட்டும் சிறிய பெட்டி. அது அறையிலுள்ள அதே காற்றை இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி விடுகிறது.

நம் ஈரக் காற்று குளிர்ந்த அலுமினியத் தகடுகளில் பட்டதும் தண்ணீராகிறது. அது தட்டில் வடிந்து குழாய் வழியே வெளியேறும். பில்டரைத் தாண்டிய தூசி ஈரத்தோடு சேர்ந்தால் அங்கே பூஞ்சை பிடிக்கும். காற்றுச் சுழலியில் கறுப்பாகப் படிவதும், வடிகுழாயை அடைத்துச் சுவரில் தண்ணீர் ஒழுகவைக்கும் கொழகொழப்பான பாசியும் இப்படி வருபவைதான்.

விளக்கு இங்கே ஓரளவு உதவும். சுருளின்மீது மணிக்கணக்காக ஒளி பட்டால் புதிய பூஞ்சை வளர்வது குறையும். ஆனால் மூன்று குறைகள் உண்டு.

முதலாவது, ஒளி நேராகப் படும் இடம் மட்டுமே சுத்தமாகும். தகடுகளின் உட்பகுதிக்கும் சுழலியின் மறுபக்கத்துக்கும் வடிகுழாய்க்குள்ளும் அது எட்டாது. ஏற்கெனவே படிந்த அழுக்கை அது கழுவவும் செய்யாது.

இரண்டாவது, ஓடும் காற்று விளக்கைக் கண நேரத்தில் கடந்துவிடுகிறது. கிருமி சாக ஒளியின் வலுவும் வேண்டும், நேரமும் வேண்டும். பூஞ்சை வித்துகளுக்குப் பாக்டீரியாவைவிடப் பல மடங்கு அதிகமாகத் தேவை. சிறிய விளக்கால் அது நடக்காது. பக்கத்துக் கட்டிலில் இருமுபவரிடமிருந்து நேராக வரும் கிருமியையும் ஏர்கோனுக்குள் இருக்கும் விளக்கு தடுக்காது.

மூன்றாவது, சுவர் ஏர்கோனின் தட்டு, சுழலி, பில்டர் வலை பெரும்பாலும் பிளாஸ்டிக். சி வகைக் கதிர் தொடர்ந்து பட்டால் அவை நிறம் மாறி வெடிக்கும்.

1997, 2015, 2019 ஆண்டுகளில் வந்தது போன்ற புகைமூட்டத்துக்கும் இந்த விளக்கு தீர்வு அல்ல. புகைத் துகள் உயிருள்ள கிருமி அல்ல. அதற்கு ஹெப்பா பில்டர் உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வேண்டும்.

ஆபத்துகள்

சி வகை ஒளியை நேரே பார்த்தால் கண் புண்ணாகும். உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தும், நீர் வடியும். தோலும் சிவந்து எரியும். கையையோ தோலையோ சுத்தம் செய்யப் புற ஊதா விளக்கைப் பயன்படுத்தக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் கோவிட் காலத்திலேயே எச்சரித்தது. ஏர்கோன் வாய் வழியாக ஒளி வெளியே தெரிந்தால் அந்த விளக்கு தவறாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இன்னொன்று ஓசோன். சில விளக்குகள் 185 நானோமீட்டர் கதிரையும் வெளியிட்டு ஓசோனை உண்டாக்கும். நகல் எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் வருவது போன்ற காரமான வாடை அதன் அடையாளம். அது நுரையீரலை உறுத்தி ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். பிள்ளையின் மூச்சுக்காக வாங்கிய பொருளே பிள்ளையின் மூச்சைக் கெடுக்கும் நிலை அது. மலேசியாவில் வேலையிடங்களுக்கான 2010ஆம் ஆண்டு உட்புறக் காற்றுத் தர நெறிமுறை, ஓசோனுக்கு 0.05 பிபிஎம் என்ற வரம்பையே வைத்திருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியவை

• பில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்ட வேண்டும்.

• சுருள், சுழலி, தட்டு, வடிகுழாய் நான்கையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆள் வைத்துக் கழுவ வேண்டும். தினமும் இரவு முழுக்க ஓடினால் இரண்டு முறை.

• அணைப்பதற்கு முன் அரை மணி நேரம் காற்றாடி நிலையில் ஓடவிட்டால் உள்ளே ஈரம் காயும்.

• புகைமூட்டம் இல்லாத நாள்களில் காலையில் சன்னலைத் திறந்து புதுக் காற்றை விட வேண்டும். சுவர் ஏர்கோன் வெளிக்காற்றைக் கொண்டுவராது.

• பிள்ளைக்கு இழுப்பு அடிக்கடி வந்தால் கிளினிக்கில் காட்டி மருந்தைச் சரிபார்க்க வேண்டும். விளக்கு மருந்துக்கு மாற்று அல்ல.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

திருமண மண்டபம், பாலர் பள்ளி, டியூஷன் நிலையம் போன்ற, பலர் கூடும் இடங்களில் பெரிய குளிரூட்டி இருந்தால் விளக்கு பயன் தரலாம். வாங்குபவர் நான்கு கேள்வி கேட்க வேண்டும். அலைநீளம் எவ்வளவு? (395, 405 என்றால் அது ஊதா நிற விளக்கு மட்டுமே, 254 அல்லது 265 முதல் 280 வரை இருக்க வேண்டும்.) ஓசோன் வெளியிடாது என்பதற்குச் சான்று உண்டா? மூடியைத் திறந்தால் தானாக அணையுமா? மாற்று விளக்கு கிடைக்குமா?

கடைசிக் கேள்வி முக்கியம். பாதரச விளக்கு தொடர்ந்து எரிந்தால் ஏறத்தாழ 9,000 மணி நேரத்தில், அதாவது ஓர் ஆண்டில், வலு குறைந்துவிடும். நீல ஒளி அப்போதும் தெரியும்; கிருமியைக் கொல்லும் கதிர் போதாது. வயர் இணைப்பைப் பதிவுபெற்ற மின் குத்தகையாளரிடமே விட வேண்டும். விளக்கு உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டும். துடைப்பத்தால் கூட்டாமல், கெட்டி அட்டையால் அள்ளி, ஈரத் துணியால் துடைத்து மூடி வைக்க வேண்டும்.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு ஒவ்வொரு வெள்ளியும் கணக்கு. சாதாரண வீட்டில் அந்தப் பணம் முதலில் போக வேண்டியது ஏர்கோனைக் கழுவுவதற்கு. கழுவிய பிறகும் நாற்றமும் பூஞ்சையும் திரும்பத் திரும்ப வந்தால், விளக்கைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.