மணிமேகலைக்குக் கல்வெட்டு இல்லை

ஓடைப்பட்டியில் எங்கள் வீட்டுப் பரணில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பைண்டுகளாக இருந்தது. ‘கல்கி’ அதை மறுபடியும் தொடராக வெளியிட்டபோது, அத்தை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, சின்னமனூரில் கொடுத்துப் பைண்டு பண்ணி வாங்கியது. பத்தாம் வகுப்பு லீவில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கட்டிலைப் போட்டுப் படித்து முடித்தேன். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னய்யா, மணிமேகலை செத்துட்டாளா?” என்றாள்.

“ஆமா அத்த.”

“அவரு நெனச்சிருந்தா அந்தப் புள்ளய வாழ வச்சிருக்கலாம்ல? பேனா அவரு கையிலதான இருந்துச்சு.”

2019இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ முடிந்த மறுநாள், ஆபீஸில் ஒருத்தரும் கோடு எழுதவில்லை; முடிவைத் திட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு அத்தையின் கேள்வி ஞாபகம் வந்தது. கல்கியின் கையில் பேனா எவ்வளவு தூரம் இருந்தது?

1950 அக்டோபரில் தொடங்கிய தொடர், 1954 மே மாதம் முடிந்தது. மூன்றரை வருஷம் காத்திருந்த வாசகர்களுக்கு முடிவு பொசுக்கென்று வந்ததாகத் தோன்றியது. பட்டம் அருள்மொழிக்கு இல்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பது தெளிவாகவில்லை. நந்தினி எங்கோ போய்விடுகிறாள். கல்கி ஒரு முடிவுரை எழுதி, யார் யார் என்ன ஆனார்கள் என்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதே வருஷம் டிசம்பர் 5 அன்று அவர் இறந்தும் போனார்.

கல்கிக்கு முன்னால் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் இருந்தன. அருள்மொழி, சிற்றப்பன் உத்தம சோழனுக்கு ஆசை இருக்கும்வரை தனக்கு அரசு வேண்டாம் என்று ஒதுங்கியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985இல்தான். காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசன், சோமன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்கிறது. அவர்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று சொல்லவில்லை. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழனைச் சந்தேகப்பட்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை.

கல்கி இங்கே செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சந்தேகத்துக்குரிய அந்த ஒரு ஆளை அவர் இரண்டாக்கினார். பதவிக்கு அலைகிற மதுராந்தகன் ஒருவன். பூமாலை கட்டி, தேவாரம் பாடித் திரிகிற சேந்தன் அமுதன் இன்னொருவன். கடைசியில், உண்மையான உத்தம சோழன் அமுதன்தான் என்று கிரீடத்தை அவன் தலையில் வைத்தார். வரலாற்றில் ஒரு வரிகூட மாறவில்லை, ரத்தக்கறை மட்டும் கிரீடத்தில் இல்லை.

கல்லில் பெயர் இருந்தவர்களுக்கு எல்லாம் இப்படி ஒரு வழி கிடைத்தது. குந்தவை வந்தியத்தேவனின் தேவி என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்கிறது. அதனால் அவர்கள் சேர்ந்தே ஆக வேண்டும். அப்படியென்றால் அதே வந்தியத்தேவன்மேல் உயிரை வைத்த கடம்பூர் மணிமேகலை என்ன ஆவாள்? அவள் கல்கியின் கற்பனை. அவளுக்குச் செப்பேடு இல்லை, கல்வெட்டு இல்லை. எந்த வரலாற்று ஆசிரியரும் வந்து கேட்கப்போவதில்லை. அவளை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்ற சுதந்திரம் கல்கிக்கு இருந்தது. அந்தச் சுதந்திரத்தில்தான் அவள் செத்தாள். ஐந்தாம் பாகத்தின் 91ஆவது அத்தியாயம், ‘மலர் உதிர்ந்தது’. பொன்னியின் செல்வன் பெயரில் ஓடிய கதை, வந்தியத்தேவன் மடியில் ஒரு பெண் உயிர் விடுவதோடு முடிகிறது.

அத்தை கேட்டது நியாயம்தான். பேனா முழுசாக அவர் கையில் இருந்த இடம் அது ஒன்றுதான். ஆனால் கல்கி அவளை ஊறுகாய் போலத் தொட்டுவிட்டுப் போகவில்லை என்றும் இப்போது தோன்றுகிறது. ராஜாக்களுக்குக் கல்வெட்டு போதும் என்று விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தை அவளுக்குக் கொடுத்திருக்கிறார்.

2023இல் படத்தின் இரண்டாம் பாகம் வந்தபோது அத்தையைத் தேனிக்குக் கூட்டிப்போனேன். படம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

“அந்தப் புள்ளய காட்டவே இல்லையேய்யா?”

“படத்துல அவ இல்ல அத்த.”

“சாகுறதுக்காவது வந்திருக்கலாம்” என்றாள்.