ஆறு வயதுக்கு இந்தப் பக்கம்

பூந்தமல்லி என்றால் சென்னைவாசிகளுக்கு நெடுஞ்சாலை நெரிசல்தான் நினைவுக்கு வரும். சிறப்புக் கல்வி படித்தவர்களுக்கோ அந்த ஊர் ஒரு பயிற்சிக்கூடம். 1960களில் மத்திய அரசும், பார்வையற்றோருக்காக வெளிநாடுகளில் பணியாற்றிய ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் கைகோத்து, பார்வையற்றோர் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்க நாட்டின் நான்கு திசைகளுக்கும் ஒவ்வொன்றாக மண்டலப் பயிற்சி மையங்களைத் தொடங்கின. பம்பாய் மையம் 1963இல் திறக்கப்பட்டது. டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் ஒவ்வொன்று கிடைத்தது. சென்னையின் பங்காக வந்த மையம், பூந்தமல்லி அரசுப் பார்வையற்றோர் பள்ளியை ஒட்டி அமைந்தது. பின்னர் டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பார்வைக் குறைபாட்டு நிறுவனத்தின் மண்டல மையமும் அதே ஊரின் டிரங்க் ரோட்டுக்கு வந்தது.

ஆக, சென்னையின் மேற்குப் புறநகரில் சிறப்பாசிரியர் பயிற்சிக்கு அறுபது ஆண்டுப் பின்புலம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயிற்சி பள்ளி வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்து உருவானது. பிரெய்ல் புள்ளிகளைத் தடவிப் படிக்கவும், விடுதியில் தங்கவும், தேர்வு எழுதவும் கூடிய வயதினர் அவர்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும் என்ற எண்ணம் அரசுத் தரப்பில் அப்போது எழவில்லை. அது நகரின் வேறொரு மூலையில், தனியார் முயற்சிகளில் முளைத்தது.

1969இல் சரஸ்வதி நாராயணசாமியும் வள்ளி அண்ணாமலையும் தொடங்கிய பால வித்யாலயா, காது கேளாத மழலையருக்கென்றே ஏற்பட்ட பள்ளி. கைக்குழந்தைப் பருவத்திலேயே சேர்த்து, கேட்கும் கருவியைப் பொருத்தி, பேச்சு மொழியைப் பழக்கி, சாதாரணப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பிவிடுவதே அதன் நோக்கம். வகுப்பில் குழந்தையோடு தாயும் உட்கார வேண்டும். ஆசிரியர் செய்து காட்டுவதைத் தாய் வீட்டில் தொடர்வார். இந்த முறைக்கு ஏற்ற ஆசிரியர்கள் வெளியில் கிடைக்காததால் பள்ளியே அவர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. காது கேளாத இளஞ்சிறார்களுக்குக் கற்பிப்பதற்கான பட்டயப் படிப்பு ஒன்று இன்று, சிறப்புக் கல்விப் படிப்புகளை அங்கீகரிக்கும் மத்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறது. அதன் வேர் இத்தகைய வகுப்பறைகளில்தான் இருக்கிறது.

அறிவுசார் குறைபாட்டுத் துறையில் பாதை சற்று வளைந்து சென்றது. மேரி கிளப்வாலா ஜாதவ் தலைமையில் இயங்கிய கில்ட் ஆஃப் சர்வீஸ் என்ற தொண்டு அமைப்பு, அந்தக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக 1953இல் கீழ்ப்பாக்கத்தில் பால விகாரைத் தொடங்கியது. பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கிய 'மதராஸ் வளர்ச்சித் திட்டமிடல் முறை' பிற்பாடு வந்தது. பதினெட்டுத் துறைகள், ஒவ்வொன்றிலும் இருபது திறன்கள், மொத்தம் 360. பிள்ளைக்கு என்ன வராது என்று எழுதாமல், என்ன வருகிறது, அடுத்து எது வர வேண்டும் என்று ஆசிரியரை எழுத வைத்த கருவி அது. உளவியலாளரின் மேசையிலிருந்த மதிப்பீட்டைச் சிறப்பாசிரியரின் கைக்கு மாற்றிய அதன் பெருமை இன்னும் சரியாகப் பேசப்படவில்லை.

அந்த அளவுகோலைத் தொட்டில் வரை கீழே கொண்டுவந்தது 'உபநயன்'. 1980களின் பிற்பகுதியில் ஜெயா கிருஷ்ணசாமியும் குழுவினரும் வகுத்த இந்த ஆரம்பநிலைப் பயிற்சி முறையில் உடலசைவு, தன் தேவைகளைத் தானே கவனித்தல், மொழி, அறிதல், பழகுதல் என ஐந்து வளர்ச்சித் துறைகள். ஒவ்வொரு திறனுக்கும் ஓர் அட்டை. அதில் அந்தத் திறனை எப்படிப் பழக்குவது என்ற குறிப்பு. தி.நகர் ஜி.என். செட்டி சாலையில் 1989இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம் இதைத் தன் அன்றாட வேலைமுறையாக்கிக்கொண்டது. இங்கும் தாயோ பாட்டியோ கூட வந்தாக வேண்டும். இளஞ்சிறார் சிறப்புக் கல்விக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்பை நடத்திய நாட்டின் மிகச் சில இடங்களில் இந்த மையமும் ஒன்று.

பால வித்யாலயா, மதுரம் நாராயணன் மையம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. சென்னையில் மழலையருக்கான சிறப்பாசிரியர், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் வாரிசு அல்லர். தாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டவர். சான்றிதழ் பிறகுதான் வந்தது.

அது வந்த விதமும் கவனிக்கத்தக்கது. 1986இல் மத்திய அரசு மறுவாழ்வுக் கவுன்சிலைப் பதிவுபெற்ற சங்கமாக அமைத்தது. அதே 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தத்தின் மூலம் மூன்று முதல் ஐந்து வயது வரையிலான மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கு மாநிலங்களைப் பொறுப்பாக்கி, மூன்று வயதுக்குக் கீழே ஆரம்பநிலைப் பயிற்சிக்கும் வழிவகுத்தது. அங்கே முதலில் குழந்தையின் உரிமையை வரையறுத்தார்கள். இங்கே முதலில் ஆசிரியரின் தகுதியை வரையறுத்தார்கள். 1992இல் இயற்றப்பட்ட மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்து, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் எண் பெற்றவரே தொழில் செய்யலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்வி வகுப்புகளில் புள்ளிகள் சேர்க்க வேண்டும். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பது போன்ற ஒரு தொழில் பதிவு, கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டிப் பார்வையைப் பழக்குபவருக்கும் கிடைத்தது. இது சாதாரண மாற்றமில்லை.

உரிமையின் கதை வேறு. 2002இல் வந்த 86ஆவது அரசமைப்புத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்கு உட்பட்டோரை 45ஆவது பிரிவுக்கு, அதாவது அரசு முயல வேண்டியவற்றின் பட்டியலுக்கு அனுப்பியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாட்டு வகைகளை ஏழிலிருந்து இருபத்தொன்றாக உயர்த்தியது. ஆனால் இலவசக் கல்விக்கு அது சொல்வதும் ஆறு முதல் பதினெட்டு வயது வரைதான். ஆசிரியருக்குப் பதிவு எண் உண்டு. அவர் கற்பிக்க வேண்டிய மூன்று வயதுக் குழந்தைக்கு அதே அழுத்தத்தில் உரிமை இல்லை.

இடைவெளியை நிரப்பப் பார்த்தது சுகாதாரத் துறை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கின்றன. மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு வகுக்கப்பட்ட பணியாளர் பட்டியலில் குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர் ஆகியோரோடு சிறப்பாசிரியரும் இடம்பெற்றார். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தத் தொடங்கியதும் தேவை இன்னும் கூடியது. அறுவை சிகிச்சை ஒரு நாளில் முடிந்துவிடும். கேட்கப் பழக்க மாதக்கணக்கில் ஆள் வேண்டும். 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அங்கன்வாடி நெறிமுறை குறைபாட்டின் அறிகுறிகளைக் கண்டறியும் பொறுப்பை அங்கன்வாடிப் பணியாளரிடமும் கொடுத்தது. கண்டறிந்த பிறகு எங்கே அனுப்புவது என்ற கேள்வி மட்டும் ஊருக்கு ஊர் வேறு பதில் பெறுகிறது.

மேற்குப் புறநகரில் அந்தப் பதில் கொஞ்சம் சிக்கலானது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது, 2018இல் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. அடுத்தடுத்த ரயில் நிலையங்கள் வழியாகப் போனால் வரும் ஆவடி, 2019இல் தனி மாநகராட்சியானாலும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. பூந்தமல்லியும் அப்படித்தான். ஒரே மின்சார ரயிலில் ஏறும் இரண்டு தாய்மார்கள் இரண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆசிரியராக விரும்புபவருக்கும் தூரம் குறைவில்லை. பார்வைக் குறைபாட்டுத் துறை என்றால் பூந்தமல்லி பக்கத்திலேயே இருக்கிறது. மழலையர் பயிற்சி என்றால் தி.நகர், அடையாறு பக்கம். பல்வகைக் குறைபாடு என்றால், 2005இல் தொடங்கிய தேசிய நிறுவனம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கிறது. ஆவடியிலிருந்து நகரின் மறுகோடி.

படிப்பின் அமைப்பும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. பிளஸ் டூ முடித்தவருக்கு ஓராண்டு இளஞ்சிறார் பட்டயம், இரண்டாண்டுச் சிறப்புக் கல்விப் பட்டயம், பட்டதாரிக்கு பி.எட். என்பதே பழக்கப்பட்ட படிக்கட்டு. இரண்டாண்டு பி.எட். சிறப்புக் கல்விக்குப் பதில் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்புக்கு மாறுவதாக மறுவாழ்வுக் கவுன்சில் 2024 ஜனவரியில் அறிவித்தது. மேல்படி உயரமாகும்போது, வீட்டு வேலையும் குழந்தையும் வைத்துக்கொண்டு சேரும் பெண்கள் ஓராண்டுப் பட்டயத்தையே நாடுவார்கள் என்று எதிர்பார்க்கலாம். சிறப்புக் குழந்தையின் தாயாக மையத்துக்கு வந்து ஆசிரியராக மாறுபவர்களுக்கும் அதுவே எட்டும் படி.

வேலை வாய்ப்புக் கணக்கில் மழலையர் இன்னும் ஓரத்தில்தான். 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் பத்து மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர் என்ற விகிதத்தைக் குறிப்பிட்டது. 2025 மார்ச்சில் பணியிடங்களை அறிவிக்கும்படி மாநிலங்களுக்குக் கெடு விதித்தது. இரண்டு உத்தரவுகளும் பள்ளியைப் பற்றியவை. பள்ளிக்கு முந்தைய வயதினருக்குத் தமிழ்நாட்டில் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் பெரும்பாலும் அரசு மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்துபவை; சம்பளமும் அந்த அளவில்தான். 2022இல் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடன் ஒப்புதல் அளித்த 'உரிமைகள்' திட்டத்தின்கீழ், சிகிச்சைகளையும் பயிற்சிகளையும் ஒரே கூரையின்கீழ் தரும் 'விழுதுகள்' மையங்கள் மாவட்டந்தோறும் திட்டமிடப்பட்டுள்ளன. பதிவு எண் வாங்கி வைத்திருக்கும் ஆவடி, அம்பத்தூர் ஆசிரியர்கள் இப்போது கேட்பது, அந்த மையங்களில் சிறப்பாசிரியர் பணியிடம் நிரந்தரமா, ஒப்பந்தமா என்பதைத்தான்.