மீன்தொட்டி வடிகட்டியின் முன்வரலாறு

1850-இல் லண்டன் வேதியியலறிஞர் ராபர்ட் வாரிங்டன், தங்கமீன்களுடன் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரே கலத்தில் வளர்த்து, செடி ஆக்சிஜன் தர, நத்தைகள் அழுகிய இலைகளைத் தின்ன, நீரை மாற்றாமலே மீன்கள் வாழும் என்று காட்டினார். 1853-இல் அந்நகரின் ரீஜென்ட் பூங்கா விலங்குக்காட்சிச் சாலையில் திறக்கப்பட்ட மீன்காட்சியகம் இந்தச் சமநிலையையே நம்பியது. தொட்டிகளில் உயிர்கள் நெருங்கியபோது அது போதவில்லை.

வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட் 1871-இல் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சி மாளிகையில் அமைத்த காட்சியகத்தில், தொட்டிகள் கொள்வதைவிட மிகுதியான கடல்நீர் தரைக்கடியில் இருட்டான தேக்கத்தில் இருக்க, நீராவியால் இயங்கிய எக்கிகள் அதை இடைவிடாமல் சுழற்றின. நுண்ணுயிரியல் துணைக்கு வராத காலத்தில், அவதானிப்பு ஒன்றைக்கொண்டே எட்டப்பட்ட இத்தீர்வு, மீன் வளர்ப்பின் வரலாற்றில் உரிய பெருமையை இன்னும் பெறவில்லை.

மீன்கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா என்னும் நச்சை நைட்ரைட்டாகவும், பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் மண்ணிலிருந்து பிரித்தெடுத்து ஆராய்ந்தார். வடிகட்டியின் பஞ்சில் படிவதும் இத்தகைய நுண்ணுயிர்களே என்பதால், குளோரின் கலந்த குழாய்நீரைத் தவிர்த்து, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பஞ்சை அலசுவதும், தேய்ந்த பஞ்சைப் பகுதி பகுதியாக மாற்றுவதும் வளர்ப்போரிடையே வழக்கமாயின.