மேடை ஏறிய ஆவிகள்

காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் பெரியவர் ஒருவர் இருந்தார். இளமையில் வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர். விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். ஒரு மாலை அவருக்கு ஹாம்லெட் கதையைச் சொன்னேன். கொலையுண்ட மன்னனின் ஆவி மகனைத் தேடி வந்தது என்றதும், "அகாலமாய்ச் செத்தவன் அலையத்தானே செய்வான்? மேலே சொல்லுங்கள்" என்றார். ஆங்கில அறிஞர்கள் பக்கம் பக்கமாக விவாதித்த ஐயம் அவருக்கு எழவே இல்லை.

அந்த ஐயம் யாது? எலிசபெத் அரசியின் காலத்து இங்கிலாந்து புராடஸ்டண்டு நாடு. இறந்தோரின் உயிர் மாசு நீங்கும்வரை ஓர் இடைநிலை உலகில் தங்கும் என்ற கத்தோலிக்கக் கொள்கையை அங்குள்ள சமயவாதிகள் மறுத்துவிட்டனர். எனவே வந்திருப்பது தந்தையா, தந்தையின் உருவில் வந்த பிசாசா என்பது, 1600-ஐ ஒட்டி அந்நாடகத்தைக் கண்டோருக்கு மெய்யான கேள்வி. ரெஜினால்டு ஸ்காட் 1584-இல் சூனிய நம்பிக்கையைக் கண்டித்து நூல் எழுதினார். ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் 1597-இல் அவரை மறுத்து எழுதினார். அம்மன்னரே 1603-இல் இங்கிலாந்தின் அரியணையும் ஏறினார். மக்பெத்தின் சூனியக்காரிகள் அவருடைய ஆட்சியில்தான் மேடைக்கு வந்தனர்.

1599-இல் எழுந்த குளோப் அரங்கில் நாடகம் பிற்பகலில், திறந்த வானின்கீழ் நடந்தது. விளக்கை அணைத்து அச்சமூட்ட வழியில்லை. மேடைத் தளத்தில் ஒரு மறைகதவு உண்டு. மற்றவை நடிகனின் சொல்லும், கூடியிருந்தோரின் நம்பிக்கையுமே. மார்லோவின் பாஸ்டஸ் நாடகம் எக்ஸீட்டர் நகரில் நடந்தபொழுது, மேடையில் பிசாசுகளின் எண்ணிக்கை ஒன்று கூடிவிட்டதாக நடிகர்களே அஞ்சி ஆட்டத்தை நிறுத்தினர் என்று ஒரு பழங்குறிப்பு கூறுகிறது.

இதைக் கேட்டு நாம் நகைப்பதற்கில்லை. தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் பாகவத மேளம் ஆடுவோர் நரசிம்மரின் முகமூடியைப் பூசைக்குரிய பொருளாகவே போற்றுகின்றனர். அதை அணிபவர் விரதம் இருப்பார். ஆவேசம் மிகும்பொழுது உடனிருப்போர் அவரைப் பிடித்துக்கொள்வர்.

1891-இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அப்பணியின் அருமை தெரியும். 'பேய்' என்றால் வேப்பிலை நினைவுக்கு வருகிறது. 'ஆவி' என்றால் அச்சம் பாதி குறைந்துவிடுகிறது.

சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி வழங்கும் செய்தி இதனினும் கனமானது. 1867-இல் பிறந்த அவர் எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் பெயர் பெற்றவர். ஒருநாள் விடியற்காலையில் சனீசுவர வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குச் சென்றவரைக் கண்டு, கருவுற்ற பெண் ஒருத்தி அஞ்சி உயிர்விட்டாள் என்பர். அவர் எமனாக நடித்தபொழுது அவையிலிருந்த ஒருத்திக்குக் கரு கலைந்ததாகவும் கூறுவர். இவற்றை நடிப்பின் வெற்றி எனப் புகழ்வார் உளர். சுவாமிகள் அவ்வாறு கருதவில்லை. வேடம் புனைவதை விட்டார். நாடகம் எழுதுவதிலும் கற்பிப்பதிலும் ஈடுபட்டார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களைப் பழக்கினார். அச்சிறுவர்களுள் டி. கே. எஸ். சகோதரர்களும் இருந்தனர்.