நால்வர் அமர்ந்த கார்: சிங்கப்பூரின் வட்டார உரிமத் திட்டம்

சிங்கப்பூரின் வட்டார உரிமத் திட்டம் 1975 ஜூன் 2, திங்கட்கிழமை காலை 7.30 மணிக்கு நடைமுறைக்கு வந்தது. நெரிசலைக் குறைப்பதற்காக நகர மையத்துக்குள் நுழையும் கார்களிடம் கட்டணம் கேட்ட முதல் நகரம் சிங்கப்பூர்தான். சாலைக்கும் விலை வைக்கலாம் என்று வில்லியம் விக்ரி போன்ற பொருளியலாளர்கள் 1950களிலேயே எழுதினார்கள். பிரிட்டனில் 1964இல் வெளிவந்த ஸ்மீட் அறிக்கையும் அதை ஆராய்ந்தது. ஆனால் எந்த நகரமும் செய்து பார்க்கத் துணியவில்லை.

சிங்கப்பூர் துணிந்ததற்கு நிலப்பற்றாக்குறை முதல் காரணம். ஐ.நா. உதவியுடன் 1967இல் தொடங்கி 1971இல் முடிந்த நகரத் திட்ட ஆய்வு, சாலைகளை எவ்வளவு அகலப்படுத்தினாலும் பெருகும் கார்களுக்கு மையப்பகுதியில் இடம் போதாது என்பதைத் தெளிவாக்கியது. அரசு முதலில் கார் வாங்குவதைக் கடினமாக்கியது. 1972இல் காரின் விலையில் 25 சதவீதமாக இருந்த கூடுதல் பதிவுக் கட்டணம், 1975இல் 100 சதவீதத்தைத் தொட்டது. பல சிறு நிறுவனங்களிடம் சிதறிக் கிடந்த பேருந்துகள் படிப்படியாக ஒன்றிணைக்கப்பட்டு, 1973இல் சிங்கப்பூர் பஸ் சர்வீசஸ் உருவானது. மறு ஆண்டு பேருந்துகளுக்கெனத் தனித் தடங்கள் வந்தன. காரை விட்டு இறங்குபவர் ஏறுவதற்கு ஒரு பேருந்து இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எண்ணிச் செய்தது இத்திட்டத்தின் பெரிய பலம்.

ராபிள்ஸ் பிளேஸ், ஷென்டன் வே, சைனாடவுன், ஆர்ச்சர்ட் சாலை ஆகியவற்றை உள்ளடக்கிய ஏறத்தாழ 6 சதுர கிலோமீட்டர் பரப்பு கட்டுப்பாட்டு வட்டாரம் ஆனது. அதன் நுழைவாயில்கள் 22. ஞாயிறும் பொது விடுமுறையும் தவிர்த்த நாள்களில், காலை 7.30 முதல் 9.30 வரை உள்ளே நுழையும் காரின் முன்கண்ணாடியில் உரிமச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். சீட்டின் விலை நாளுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மாதத்துக்கு 60 வெள்ளி. அஞ்சலகங்களிலும் சாலையோர விற்பனைக் கூண்டுகளிலும் அது கிடைத்தது. தூரத்திலிருந்தே இனம் காணும்படி வண்ணமும் வடிவமும் மாற்றி மாற்றி அச்சிட்டார்கள். நுழைவாயிலில் நின்ற காவலர்கள் எந்த வண்டியையும் மறிக்கவில்லை. சீட்டு இல்லாத வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். அபராத அறிவிப்பு பிறகு அஞ்சலில் போகும். எளிய ஏற்பாடுதான் என்றாலும், நெரிசலைத் தீர்க்க வந்த சோதனையே நெரிசலாகிவிடாமல் காத்தது இதுவே.

பேருந்து, சரக்கு வண்டி, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கு விலக்கு இருந்தது. ஓட்டுநரோடு சேர்த்து நால்வர் அமர்ந்த காருக்கும் கட்டணமில்லை. இத்திட்டத்தின் உயிர் இந்த விலக்கில்தான் இருந்தது. குறைக்க நினைத்தது வெறும் இருக்கைகளோடு ஊர்ந்த கார்களை என்பதை வேறெந்த விதியும் இவ்வளவு நேராகச் சொல்லவில்லை. அண்டை வீட்டாரும் அலுவலகத் தோழர்களும் ஒரே காரில் சேர்ந்து வரத் தொடங்கினார்கள். ஆள் கிடைக்காத ஓட்டுநர்கள் வட்டாரத்துக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்த முன்பின் தெரியாதவர்களை ஏற்றிக்கொண்டார்கள். பயணிக்குப் பேருந்துக் கட்டணம் மிச்சம், ஓட்டுநருக்கு உரிமக் கட்டணம் மிச்சம்.

விளைவு எதிர்பார்ப்பை மிஞ்சியது. காலை நெரிசல் நேரத்தில் வாகனங்களை 25 முதல் 30 சதவீதம் குறைப்பதே இலக்கு. குறைந்ததோ சுமார் 44 சதவீதம். கார் வைத்திருந்த குடும்பங்களிலிருந்து வட்டாரத்துக்குள் வேலைக்குச் சென்றவர்களில் பேருந்தில் போனவர்கள் 33 சதவீதத்திலிருந்து 46 ஆகவும், நால்வர் காரில் போனவர்கள் 8இலிருந்து 19 ஆகவும் உயர்ந்ததை உலக வங்கியின் ஆய்வு பதிவு செய்தது. 9.30க்குப் பின் நுழையலாம் என்று பலர் காத்திருந்ததால், சில வாரங்களிலேயே கட்டுப்பாடு 10.15 வரை நீட்டிக்கப்பட்டது. டாக்சிகளுக்குத் தந்திருந்த விலக்கும் ஜூன் மாதத்திலேயே நீங்கியது.

தோற்ற பகுதியும் உண்டு. வட்டாரத்தின் விளிம்பில் சுமார் 10,000 கார்களுக்கு 15 நிறுத்துமிடங்கள் அமைத்து, அங்கிருந்து சிறப்புப் பேருந்துகள் விட்டார்கள். அவை பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. பேருந்தில் போவதென்று முடிவு செய்தவர் வீட்டு வாசலுக்கு அருகிலேயே ஏறிக்கொள்வார். நகரின் எல்லைவரை காரோட்டி வந்து வண்டி மாறுவதில் அவருக்கு என்ன லாபம்? காலையில் குறைந்தது மாலையிலும் தானாகக் குறையும் என்ற கணக்கும் பொய்த்தது. காலையில் சுற்றுவழியில் வேலைக்குப் போனவர்கள், கட்டுப்பாடில்லாத மாலையில் நகரின் நடுவே வீடு திரும்பினார்கள்.

இதைச் சரிசெய்ய 14 ஆண்டுகள் பிடித்தன. 1987 நவம்பரில் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, 1989 ஜூனில் மாலை நேரமும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 5 வெள்ளியாக உயர்ந்திருந்த நாள் கட்டணம் 3 ஆகக் குறைந்தது. சரக்கு வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் கட்டணத்தில் சேர்ந்தன. நால்வர் காருக்கான விலக்கு ரத்தானது. நிறுத்தத்தில் ஆள் ஏற்றும் பழக்கம் பேருந்தில் போயிருக்க வேண்டியவர்களையே காருக்கு இழுத்தது உண்மை. ஆனால் அதோடு, காருக்குள் எத்தனை பேர் என்று பார்க்கும் ஒரே விதியும் போயிற்று. அது ஓர் இழப்புதான்.

1994 ஜனவரியில் கட்டுப்பாடு பகல் முழுவதற்கும் விரிந்தது. 1998 செப்டம்பரில் காகிதச் சீட்டின் இடத்தை ஈஆர்பி எனும் மின்னியல் முறை பிடித்தது. வண்டியில் பொருத்திய கருவியில் செருகிய பண அட்டையிலிருந்து, சாலைக்கு மேல் அமைத்த கட்டண வளைவைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பணம் கழிந்தது. நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்பக் கட்டணம் மாறும்; உள்ளே ஒருவரா நால்வரா என்பதை அந்த வளைவு பார்ப்பதில்லை.

காரைப் பகிர்வது 2015இல் வேறு வழியாகச் சட்டத்துக்குள் திரும்பியது. தனியார் கார் ஓட்டுநர் ஒரு நாளில் இரண்டு பயணங்கள்வரை பிறரை ஏற்றிக்கொண்டு, செலவை ஈடுகட்டும் அளவுக்குப் பணம் பெறலாம் என்று அனுமதி வந்தது. சாலையோரத்தில் நின்று ஆள் பிடிப்பதற்கு மட்டும் அதில் இடமில்லை.