ராபின் சிங்
இந்தியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஆடிய இடக்கை மட்டையாளர், வலக்கை மிதவேகப் பந்துவீச்சாளர், எல்லாவற்றுக்கும் மேலாக விடாப்பிடியான ஃபீல்டர். 1963 செப்டம்பர் 14 அன்று டிரினிடாட் தீவின் பிரின்சஸ் டவுனில், இந்திய வம்சாவளிக் குடும்பமொன்றில் பிறந்தார். எட்டயபுரத்துப் பாரதி பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகக் கண்ணீர் வடித்த காலத்தில், அதே ஒப்பந்தக் கூலிமுறை டிரினிடாடிலும் நடப்பில் இருந்தது. 1845இல் தொடங்கிய அந்த ஆள்பிடிப்பு 1917 வரை ஓயவில்லை. கல்கத்தாவிலிருந்து மட்டுமின்றி மதராஸ் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் அங்கே போயின. ராபின் சிங் எதிர்த்திசையில் வந்தவர். 1980களில் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து, சேப்பாக்கத்தையே தன் களமாக்கிக்கொண்டார். 1987-88இல் தமிழ்நாடு இரண்டாம் முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தார்.

இந்திய அணிக்கான அவருடைய முதல் ஒருநாள் ஆட்டம் 1989 மார்ச் 11 அன்று, பிறந்த மண்ணான டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலேயே நடந்தது. இரண்டே ஆட்டங்களுக்குப் பின் ஒதுக்கப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் அறிமுகமான சச்சின் டெண்டுல்கர் அணித்தலைவராக உயர்ந்த பிறகுதான், 1996 டைட்டன் கோப்பையில், ராபினுக்கு மறுபடியும் வாய்ப்பு வந்தது. அப்போது வயது 33. பல வீரர்கள் ஓய்வை எண்ணத் தொடங்கும் அந்த வயதுக்குப் பிறகுதான், அவர் மொத்தம் ஆடிய 136 ஒருநாள் ஆட்டங்களில் 134ஐ ஆடினார். அவரை மதிப்பிட வேண்டிய இடம் இதுதான். ஓட்டங்களும் விக்கெட்டுகளும் மட்டும் ஒருவரை அந்த வயதில் ஐந்து ஆண்டுகள் அணியில் வைத்திருக்கா.

ராபினின் சராசரி 25.95 மட்டுமே, மொத்த ஓட்டங்கள் 2336, சதம் ஒன்றே என்பது வழக்கமான ஆட்சேபம். எண்கள் சரி, அவற்றிலிருந்து எடுக்கும் முடிவுதான் சரியில்லை. ஆறாவது, ஏழாவது இடத்தில் இறங்குபவருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது கடைசி சில ஓவர்கள். சராசரியைக் காத்துக்கொண்டு ஆட அங்கே நேரமில்லை. முன்னால் அனுப்பியபோது என்ன செய்வார் என்பதற்கு 1998 ஜனவரி 18, டாக்கா சாட்சி. பாகிஸ்தானுக்கு எதிராக 315 என்ற இலக்கு. மூன்றாவது ஆளாக இறங்கி 82 எடுத்து, கங்குலியுடன் 179 ஓட்டங்கள் சேர்த்தார். ஒருநாள் கிரிக்கெட்டில் அன்றுவரை எவரும் துரத்திப் பிடிக்காத இலக்கு அது. மக்கள் நினைவில் நின்றதோ கங்குலியின் 124, கனித்கரின் கடைசிப் பவுண்டரி. 1999 உலகக் கோப்பையில் டான்டனிலும் இதே கதை. இலங்கைக்கு எதிராகக் கங்குலியும் திராவிடும் சேர்த்த 318ஐ எல்லோரும் சொல்வார்கள். அதே ஆட்டத்தில் ராபின் 31 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்ததை எத்தனை பேர் சொல்வார்கள்?

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் வலுவானது: அன்றைய இந்திய ஃபீல்டிங் அவ்வளவு மந்தமாக இருந்ததால்தான் அவர் பெரிதாகத் தெரிந்தார் என்பது. அசாருதீன், அஜய் ஜடேஜா போன்ற சிலரை விலக்கிப் பார்த்தால் இதில் உண்மை உண்டு. ஆனால் அது அவர் மதிப்பைக் குறைக்கவில்லை, கூட்டத்தான் செய்கிறது. பத்துப் பேர் பாய்ந்து விழும் அணியில் பதினொன்றாவது ஆள் பாய்வதால் பெரிய வித்தியாசம் வராது. பந்தை வழியனுப்பிவைக்கும் அணியில் ஒருவர் தடுத்த ஒவ்வோர் ஓட்டமும் தனி லாபம். அந்த லாபத்துக்குக் கிரிக்கெட் கணக்குப் புத்தகத்தில் பத்தியே கிடையாது. அமெரிக்காவின் பேஸ்பாலில் வெளிக்கள வீரர் எறிந்த எறியால் ஒருவர் ஆட்டமிழந்தால், அந்த உதவி அவர் பெயரில் பதிவாகும். இலவசமாகக் கிடைத்த முதல் தளத்துக்குக்கூட நடக்காமல் ஓடியே போன பீட் ரோஸுக்கு அந்தச் சுறுசுறுப்பே பட்டப்பெயரானது. ராபினின் ஒருநாள் கணக்கில் 33 கேட்ச்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. இரண்டாகாமல் ஒன்றோடு நிறுத்திய ஓட்டங்களும், பாயிண்ட் பக்கம் மடக்கிய பந்துகளும் எண்ணாகவில்லை.

1997இல் அர்ஜுனா விருது பெற்றார். டெஸ்ட் ஆடியது ஒரே ஒருமுறை, 1998 அக்டோபரில் ஹராரேயில். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 27 ஓட்டங்கள், விக்கெட் இல்லை. இந்தியா 61 ஓட்டங்களில் தோற்றது. அந்த ஒரே டெஸ்டில் அவர் பிடித்த கேட்ச்கள் ஐந்து என்பதைத் தேர்வாளர்கள் பொருட்படுத்தவில்லை. அவரது கடைசி ஒருநாள் ஆட்டம் 2001இல். 2007 உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு இந்தியா வெளியேறிய பிறகு, அணிக்கு ஃபீல்டிங் பயிற்சியாளராக அழைக்கப்பட்டவர் அவரே. அவ்வாண்டு செப்டம்பரில் இந்தியா முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றது. அந்தப் பொறுப்பில் 2009 வரை இருந்தார். பின்னர் மும்பை இந்தியன்ஸ் அணியின் பயிற்சிக் குழுவில் நெடுங்காலம் பணியாற்றினார்.